வேலை தேடுதலும் வேலைத் தேடுதலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். சென்னையில் உள்ள ஒரு தன்னாட்சிக் கல்லூரியில் தமிழ்த்துறை உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். எங்கள் துறையின் பாடத்திட்டக் குழு அடுத்த மாதம் கூடுகிறது. இளங்கலைத் தமிழ் இலக்கியப் பட்டத்தில் மூன்று மாற்றங்களை அங்கே முன்வைக்க நினைக்கிறேன். இப்போது இரண்டு பருவங்களில் நடத்தப்படும் நன்னூலை ஒரு பருவமாகச் சுருக்கிச் சொல்லதிகாரத்தை நீக்குவது. அந்த இடத்தில் ‘கணினித் தமிழும் மெய்ப்புத் திருத்தலும்’ என்ற புதிய தாளை வைப்பது. பட்டத்தின் பெயரையே ‘தமிழும் ஊடகவியலும்’ என்று மாற்றுவது. எங்கள் மாணவர்களில் பலர் திருவள்ளூர்ப் பக்கத்திலிருந்து மின்சார ரயிலில் வரும் முதல் தலைமுறைப் பட்டதாரிகள். நூற்பாவை மனப்பாடம் செய்து எந்த வேலைக்குப் போவது என்று அவர்கள் கேட்கும்போது என்னிடம் பதில் இல்லை. மூத்த பேராசிரியர்களோ, நன்னூல் குறைந்தால் அது தமிழ்ப் பட்டமா என்கிறார்கள். தங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன். (என் பெயரும் கல்லூரியின் பெயரும் வேண்டாம்.)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மூன்று யோசனைகளில் இரண்டாவது நல்லது. முதலாவது அந்த இரண்டாவதையே கெடுத்துவிடும். மூன்றாவது மாணவர்களுக்குத் தீங்கு செய்யும் என்பதால் அதை முதலில் முடித்துவிடுகிறேன். நம் மாநிலத்தில் ஒரு பட்டத்தின் பெயர் சற்றே மாறினாலும், ஆசிரியர் தேர்வு வாரியத்திலோ அரசுப் பணியாளர் தேர்வாணையத்திலோ சான்றிதழ் சரிபார்க்கும்போது, இது பி.ஏ. தமிழுக்கு இணையானதா என்ற கேள்வி எழும். இணையானதுதான் என்று அரசாணை வரும்வரை, சான்றிதழ் உறையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அலையப்போகிறவர் உங்கள் திருவள்ளூர் மாணவர்தான். பாடத்திட்டக் குழுவில் இருந்தவர் அல்லர். அவர்களில் கணிசமானோர் பி.எட். முடித்துப் பள்ளி ஆசிரியராக விரும்புவார்கள். எனவே பெயரில் கைவைக்காதீர்கள்.

இனி நன்னூல். சில ஆண்டுகளுக்கு முன் ராயப்பேட்டைச் சந்து ஒன்றில் இருந்த பதிப்பகத்தில் என் சிறுகதைத் தொகுப்பின் மெய்ப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உதவிக்கு உட்கார்ந்திருந்த இளைஞர் தமிழ் இலக்கியத்தில் முதல் வகுப்பில் தேறியவர். ‘படிப்பு முடிந்து இரண்டு வருடம் வேலைத் தேடினான்’ என்றிருந்த வரியை அவர் எந்தத் தயக்கமும் இல்லாமல் கடந்து போனார். நான் அந்த ‘த்’தைச் சுழித்ததும், “ஐகாரத்துக்குப் பின்னால் வல்லினம் மிகும் அல்லவா சார்?” என்றவர், ‘இயல்பினும் விதியினும் நின்ற உயிர்முன் கசதப மிகும்’ என்று பிழையில்லாமல் ஒப்பிக்கவும் செய்தார். ஒப்பிக்காமல் விட்டது அந்த நூற்பாவின் கடைசித் துண்டு: ‘விதவாதன மன்னே’. தனியாக விதி சொல்லப்படாதவற்றுக்கு மட்டுமே அது பொருந்தும் என்று நன்னூலாசிரியர் பவணந்தியார் அங்கே வரம்பு கட்டுகிறார். பணியைத் தேடினால் ‘வேலை தேடினான்’; இரண்டாம் வேற்றுமை உருபு மறைந்து நிற்பதால் ஒற்று மிகாது. வேல் என்னும் ஆயுதத்தைத் தேடினால்தான் ‘வேலைத் தேடினான்’. அங்கே ‘ஐ’ உருபு வெளிப்பட்டு நிற்கிறது. அந்த ஒற்று அப்படியே அச்சேறியிருந்தால், என் கதையின் பட்டதாரி இரண்டு வருடம் முருகப்பெருமானின் ஆயுதத்தைத் தேடி அலைந்திருப்பான். (அதைப் போட்டது தட்டச்சு செய்தவரா, நானா என்பதை விசாரிக்காமல் விட்டுவிட்டேன்.)

உங்கள் திட்டத்துக்கு வருகிறேன். ஒற்று மிகுவதைப் பற்றிய விதிகள் எழுத்ததிகாரத்தின் புணரியல்களில் இருக்கின்றன. ஆனால் ஒரு தொடரில் உருபு வெளிப்பட்டிருக்கிறதா, தொக்கு (அதாவது மறைந்து) நிற்கிறதா என்று அடையாளம் காணும் அறிவு சொல்லதிகாரத்தில், வேற்றுமையைப் பேசும் பெயரியலிலும் தொகைநிலையைப் பேசும் பொதுவியலிலும் இருக்கிறது. மெய்ப்புத் திருத்தலைச் சேர்ப்பதற்காகச் சொல்லதிகாரத்தை நீக்குவது, அடுப்பை மூட்டிவிட்டு அரிசியை விற்பதைப் போன்றது.

கணினித் தமிழுக்கும் இதே கதைதான். பிழைதிருத்தி செய்ய முனைகிற எவரும் முதலில் முட்டிக்கொள்ளும் இடம், அந்த ‘வேலை’ ஒரே சொல்லா அல்லது வேலும் ஐயும் சேர்ந்ததா என்பதே. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட பேரகராதியைத் திறந்தால் கடல் என்ற பொருளும் அந்தச் சொல்லுக்கு உண்டு என்று கூடுதலாகக் குழப்பும். எழுத்தியலோ இன்னும் சுவையானது. ‘க்’ என்ற மெய்யின்மேல் அகரம் ஏறிக் ‘க’ ஆகிறது என்பது இலக்கணம். யூனிகோடு குறியேற்றத்தில் ‘க’தான் அடிப்படை, புள்ளிக்கென இருக்கும் தனிக்குறியை அதன்பின் சேர்த்தால்தான் ‘க்’ கிடைக்கும். ‘அம்மா’ நமக்கு மூன்றெழுத்து. கணினிக்குள் அது அ, ம, புள்ளி, ம, கால் என்று ஐந்து குறிகளாக இருக்கிறது. எழுத்தெண்ணும் ஒரு சிறு நிரலைத் தவறில்லாமல் எழுத வேண்டுமென்றால் இந்த இரண்டு கணக்கையும் அறிந்தவர் வேண்டும். உங்கள் வகுப்பில் உட்கார்ந்திருப்பவர் அதில் ஒன்றை ஏற்கெனவே அறிந்தவர்.

அப்படியானால் அந்த இளைஞரிடம் குறைந்தது எது? அவர் தேர்வில் விடையெழுதிய வினாத்தாளைத்தான் நான் குற்றம் சொல்வேன். ‘வேற்றுமைகள் எட்டினையும் விளக்குக’ என்ற கேள்விக்கு எட்டையும் வரிசையாக எழுதினால் மதிப்பெண் வந்துவிடுகிறது. ஒரு வரியைக்கூடத் திருத்தத் தேவையில்லை. நன்னூலின் பாயிரம் இதற்கு நேர்மாறானது. ‘ஆசான் உரைத்தது அமைவரக் கொளினும் காற்கூறு அல்லது பற்றலன் ஆகும்’ என்கிறது அது. ஆசிரியரிடமிருந்து வருவது கால் பங்கு. உடன் பயில்வோரோடு பழகி வருவது இன்னொரு கால். பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் மீதி அரைப்பங்கு வந்து சேர்கிறது. மூத்தவர்களிடம் பேசும்போது இந்த நூற்பாவைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் காக்க விரும்பும் நூலே உங்கள் பக்கம் சாட்சி சொல்கிறது.

ஆகவே என் யோசனை இது. இரண்டு பருவமும் நன்னூலுக்கே இருக்கட்டும். வாரத்துக்கு ஐந்து மணி நேரம், நான்கு கிரெடிட் என்று பல கல்லூரிகளில் இருப்பதுபோல் உங்களுடைய தாளும் இருந்தால், அதை மூன்று மணி நேரப் பாடமாகவும் இரண்டு மணி நேரச் செய்முறையாகவும் பிரியுங்கள். விரிவுரைக்கு ஒரு மணி நேரமும் செய்முறைக்கு இரண்டு மணி நேரமும் ஒரு கிரெடிட் என்பது வழக்கமான கணக்கு. மூன்றும் ஒன்றும் நான்கு, மொத்தம் மாறாது. யாருடைய பணிச்சுமையும் குறையாது என்பதும் முக்கியம். இலக்கணத்தின் பெயரால் எழும் எதிர்ப்பில் பாதி, தாள் போனால் பணியிடம் போகுமோ என்ற அச்சம்தான். அந்த அச்சத்தை நான் இழிவாக நினைக்கவில்லை.

செய்முறைக்குச் சென்னையைவிட வசதியான ஊர் கிடைக்காது. பெசன்ட் நகரில் உ.வே.சா. நூலகம், தரமணியில் ரோஜா முத்தையா நூலகம், கோட்டூர்புரத்தில் தமிழ் இணையக் கல்விக்கழகம் என்று மூன்றும் பேருந்தில் போய்வரும் தூரத்தில் இருக்கின்றன. தன்னாட்சிக் கல்லூரியின் பாடத்திட்டக் குழுவில் தொழில்துறைப் பிரதிநிதி ஒருவரும் முன்னாள் மாணவர் ஒருவரும் இருக்க வேண்டும் என்று யுஜிசி விதிமுறை சொல்கிறது. தமிழ்த்துறைகளில் அந்த இரு நாற்காலிகளையும் பெயருக்கு நிரப்புவதே பெரும்பாலும் நடக்கிறது. ஒன்றில் முழுநேர மெய்ப்பாளர் ஒருவரை உட்காரவையுங்கள்.

நானும் ஒரு கல்லூரியில் மூன்றாண்டுகள் வெளி உறுப்பினராக இருந்திருக்கிறேன். கூட்டம் பத்தரைக்குத் தொடங்கிச் சாம்பார் சாதம் வருவதற்குள் முடிந்துவிடும். ஒருமுறை புதுக்கவிதைத் தாளின் நான்காம் அலகில் இரண்டு கவிஞர்களை எடுத்துவிட்டு வேறு இருவரைச் சேர்த்தோம். பாடத்திட்டம் முழுமையாகப் புதுப்பிக்கப்பட்டது என்று நடவடிக்கைக் குறிப்பில் எழுதினார்கள். நான் கையெழுத்தும் போட்டேன். வினாத்தாளை அன்று ஒருவரும் பேசவில்லை.

நீங்கள் அதிலிருந்தே தொடங்குங்கள். பிழை மலிந்த ஒரு பக்க உரைநடையைக் கொடுத்துத் திருத்தச் சொல்லி, ஒவ்வொரு திருத்தத்துக்கும் உரிய விதியைக் குறிப்பிடச் சொல்லும் மாதிரி வினாத்தாள் ஒன்றை இந்த வாரமே எழுதிப் பாருங்கள். கூட்டத்தில் முதலில் அதையே சுற்றுக்கு விடுங்கள். உறுப்பினர்கள் பேனாவை எடுத்துத் திருத்தத் தொடங்கிவிட்டால் பேச்சு தானாக வேறு திசைக்குப் போகும். அதற்கு முன் எனக்கு ஒரு படி அனுப்பினால் மெய்ப்புப் பார்த்துத் தருகிறேன். பொதுவியலை நான் திறந்து பல வருடங்களாகின்றன என்பதால், விடைக்குறிப்பையும் சேர்த்தே அனுப்புங்கள்.