ஓசையைக் கேட்டுப் பழுது பார்ப்போம்: இரட்டை எஞ்சின் நீராவி மாடல்கள் பற்றிய கேள்வி பதில்

வணக்கம். ஒரே பாய்லரின் நீராவியில் முன்னும் பின்னுமாக இரண்டு எஞ்சின்கள் ஓடும் கேரெட், மாலே வகை ரயில் எஞ்சின் மாடல்களை டிசிசியில் (தண்டவாளம் வழியாகவே டிஜிட்டல் கட்டளை அனுப்பும் முறை) ஓசையோடு ஓட்டும் தென்னாப்பிரிக்காவின் நம்மவர்கள் கேட்டவற்றில் அடிக்கடி வந்த கேள்விகளை இங்கே எடுத்திருக்கிறேன். உங்கள் எல்லோருக்கும் ஒரே வேண்டுகோள்: ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுக்கும் முன் எஞ்சினை ஓடவிட்டு, ஓசை எங்கே அறுகிறது, எங்கே தொடர்கிறது என்று காதுகொடுத்துக் கேளுங்கள். பழுது எந்தப் பக்கம் என்பதை அதுவே காட்டிவிடும்.

சாட்ஸ்வொர்த்திலிருந்து: அண்ணே, என் ஜிஎம்ஏஎம் வகை கேரெட் மாடல் பாயிண்ட்டை (பாதை பிரியும் இடத்தை) தாண்டும்போது ஓசை அறுந்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறது. டிகோடர் போய்விட்டதா?

இல்லை தம்பி, டிகோடர் (கட்டளையைக் கேட்டு மோட்டாரையும் ஓசையையும் இயக்கும் சின்ன மின்பலகை) நன்றாகத்தான் இருக்கிறது. ஓசை முதலிலிருந்து தொடங்கினால், டிகோடருக்கு மின்சாரம் ஒரு கணம் அறுந்து திரும்ப வந்திருக்கிறது என்று பொருள். ஓசை விடாமல் ஒலிக்க, எஞ்சின் மட்டும் நின்றால் மோட்டார், பல்சக்கரம், அவற்றுக்குப் போகும் ஒயர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். உங்களுடையது முதல் வகை.

டர்பன் கடற்காற்றில் தண்டவாளமும் சக்கரமும் சீக்கிரம் கறுத்துவிடும். தண்டவாளத்தை ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடையுங்கள். உப்புத்தாள் வேண்டவே வேண்டாம். அது போடும் கீறல்களில் அழுக்கு இன்னும் வேகமாகச் சேரும். சக்கரத்தைச் சுத்தம் செய்ய இரட்டை எஞ்சினில் ஒரு வசதி உண்டு. நனைத்த பேப்பர் டவலைத் தண்டவாளத்தின் மேல் விரித்து, முன் எஞ்சினை அதன் மேலும் பின் எஞ்சினை வெறும் தண்டவாளத்திலும் நிறுத்துங்கள். பின்பக்கம் மின்சாரம் எடுக்கும், முன்பக்கச் சக்கரங்கள் டவலின் மேல் சுழலும். கறுப்புக் கோடுகள் விழுவது நின்றதும் எஞ்சினைத் திருப்பி வைத்து மறுபாதியையும் இப்படியே செய்யுங்கள்.

பின் எஞ்சின் தண்டவாளத்தில் இருந்தும் மாடல் உயிரில்லாமல் கிடந்தால் பழுது பிடிபட்டுவிட்டது: அந்தப் பாதி மின்சாரமே எடுக்கவில்லை. இரண்டு எஞ்சினுக்கும் நடுவே போகும் ஒயர்கள் ஒவ்வொரு வளைவிலும் மடங்கி நிமிர்கின்றன. மேலுறை முழுசாக இருக்க, உள்ளே கம்பி அறுந்திருக்கும். சாமணத்தால் ஒவ்வொரு ஒயரையும் மெல்ல அசைத்தால் எது என்று தெரிந்துவிடும். மெல்லிய பல இழை கொண்ட சிலிக்கான் ஒயரைக் கொஞ்சம் தளர்வாக விட்டு மாற்றுங்கள். ரப்பர் வளையம் போட்ட சக்கரம் மின்சாரம் எடுக்காது என்பதும் நினைவிருக்கட்டும். மின்சாரம் ஒரு கணம் அறுந்தாலும் டிகோடரை ஓடவைக்கும் கீப்-அலைவ் கப்பாசிட்டர் போடுவதென்றால் இதெல்லாம் முடிந்த பிறகு போடுங்கள். முதலிலேயே போட்டால் பழுதை மறைத்துவிடும்.

பீனிக்ஸிலிருந்து: இடப்பக்க வளைவில் மட்டும் ஷார்ட் ஆகிறது. நேர்ப்பாதையிலும் வலப்பக்கத்திலும் ஒன்றுமில்லை.

அப்படியானால் திரும்பும்போது ஏதோ ஒரு உலோகம் இன்னொன்றைத் தொடுகிறது. அறை விளக்கை அணைத்துவிட்டு எஞ்சினை அந்த வளைவில் மிக மெதுவாக விடுங்கள், பொறி பறக்கும் இடம் கண்ணில் படும். பெரும்பாலும் முன் சிறுசக்கரம் சிலிண்டரின் பின்புறத்தையோ படிக்கட்டையோ உரசும். உரசும் உலோகத்தில் நகப்பூச்சு இரண்டு கை பூசினால் போதும்.

எஞ்சின் வகையையும் கவனியுங்கள். கேரெட்டில் பாய்லர் இரண்டு எஞ்சின்களுக்கும் நடுவே தொங்குவதால், வளைவில் அது உட்பக்கம் சாயும். மாலேயில் பின் எஞ்சின் பாய்லரோடு இறுகியிருக்க, முன் எஞ்சின் மட்டும் திரும்பும். அதனால் பாய்லரின் மூக்கு வளைவுக்கு வெளியே நீளும். இடம் போதாமல் பல மாலே மாடல்களில் பின் எஞ்சினையும் திரும்பும்படி செய்கிறார்கள். சுரங்க வாயில், சிக்னல் கம்பம் எல்லாவற்றையும் இரண்டு வகையையும் ஓட்டிப் பார்த்த பிறகே ஒட்டுங்கள்.

பீட்டர்மாரிட்ஸ்பர்கிலிருந்து: சக்கரம் ஒருமுறை சுற்றினால் எத்தனை "குப்" (நீராவி வெளியேறும் ஓசை) வர வேண்டும்? நாலா, எட்டா?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. இரண்டு சிலிண்டர் கொண்ட ஓர் எஞ்சின், சக்கரம் ஒருமுறை சுற்றுவதற்குள் நாலு தடவை நீராவியை வெளியேற்றும். கேரெட்டில் அப்படி இரண்டு எஞ்சின்கள், ஆக எட்டு. ஆனால் முன்னும் பின்னும் எந்திரத்தால் இணைக்கப்படாதவை. ஒன்றின் சக்கரம் சற்றே தேய்ந்திருக்கும், அல்லது ஒரு நொடி வழுக்கும். ஆகவே இரண்டும் ஒத்துப்போகும்போது நாலு கனத்த குப், விலகும்போது எட்டு, இடையில் நொண்டும் தாளம் என்று மாறிக்கொண்டே இருக்கும். இரண்டின் நீராவியும் ஒரே புகைபோக்கி வழியாகப் போவதால் இந்த மாற்றம் காதில் துல்லியமாக விழும்.

1929-இல் பேயர் பீகாக் கம்பெனியிலிருந்து வந்த ஜிஎல் வகை கேரெட், டர்பன்–கேட்டோ ரிட்ஜ் ஏற்றத்துக்கென்றே வாங்கப்பட்டது. ஒப்பந்தக் கூலிகளாக வந்த நம் முன்னோர் பலர் உழைத்த ரயில்வே இது. அந்த மேட்டில் ஏறிய எஞ்சினின் தாளத்தைச் சரியாகக் கொண்டுவருவது அவர்களுக்கும் நாம் செய்யும் மரியாதை என்றே நினைக்கிறேன்.

மாடலில் பெரும்பாலும் ஒரே மோட்டார் இரண்டு பக்கத்தையும் ஓட்டுகிறது, தாளம் தானாக மாறாது. ஓசைக் கோப்பில் இரண்டு குப் வரிசைகள் இருந்தால் டிகோடரே அந்த விலகலை உண்டாக்கும். ஒரே வரிசைதான் என்றால் நாலுக்கு வையுங்கள். எட்டுக்கு வைத்தால் சின்ன எஞ்சின் தலைதெறிக்க ஓடுவதுபோல் கேட்கும், கேரெட்டின் கனமே போய்விடும். ஓட்டுசக்கரத்தின் எதிர் எடையில் ஒரு வெள்ளைப் புள்ளி வைத்து, வேகப்படி 1-இல் (மிகக் குறைந்த வேகத்தில்) ஓட்டி, புள்ளி கீழே வந்ததிலிருந்து மறுபடி கீழே வரும்வரை எண்ணுங்கள். லோக்சவுண்ட் டிகோடரில் சிவி 57-ஐ (சிவி என்பது டிகோடரில் எண்ணிட்டு வைத்திருக்கும் ஓர் அமைப்பு) மாற்றி இதைச் சரிசெய்த பிறகு, வேகம் கூடும்போது தப்பினால் சிவி 58. சிமோ டிகோடரில் சிவி 267.

லெனேசியாவிலிருந்து: விசில் வருகிறது, மணி வருகிறது, எஞ்சின் நகரவே மாட்டேன் என்கிறது.

சிவி 19-இல் 0 எழுதுங்கள். முன்பு எப்போதோ இன்னொரு எஞ்சினோடு கூட்டுச் சேர்த்தது அதில் தங்கியிருக்கும். அப்போது வேகக் கட்டளையை டிகோடர் கூட்டு முகவரியில்தான் கேட்கும். அதிலும் சரியாகவில்லை என்றால் பிரேக் பொத்தான் ஏதாவது போட்டபடி இருக்கிறதா என்று பாருங்கள்.

டொங்காட்டிலிருந்து: தம்பி, மெதுவாக ஓட்டினால் விட்டுவிட்டு நகர்கிறது. ஓசை மட்டும் சீராக இருக்கிறது.

அக்கா, ஓசை சீராக இருப்பதால் மின்சாரத்தில் குறையில்லை. எஞ்சினின் எடை இரண்டு பக்கமும் சமமாக விழுகிறதா என்று முதலில் பாருங்கள். கேரெட்டில் எடையை நடுப் பாய்லரில் மட்டும் திணிக்காமல் முன் தண்ணீர்த் தொட்டியிலும் பின் கரித்தொட்டியிலும் பகிர்ந்து வைப்பது நல்லது.

பிறகு மோட்டாரிலிருந்து சக்கரங்களுக்குப் போகும் ஓட்டுத்தண்டைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு எஞ்சினையும் கையால் தள்ளிப் பாருங்கள். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் இறுகினால், இடவலச் சக்கரங்களின் கிராங்க் பின்களுக்கு (இணைப்புக் கம்பி மாட்டும் முனைகளுக்கு) இடையே இருக்க வேண்டிய 90 பாகைக் கோணம் ஏதோ ஒரு ஆக்சிலில் பிசகியிருக்கிறது. எந்த சிவியாலும் அதைச் சரிசெய்ய முடியாது. இரண்டும் தடையில்லாமல் உருண்டால் மட்டும் மோட்டார் அமைப்புக்கு வாருங்கள். லோக்சவுண்ட் 5-இல் சிவி 54-க்கு 0 எழுதி, எஃப்1 பொத்தானை அழுத்தினால் எஞ்சின் ஒரு கணம் முழு வேகத்தில் பாய்ந்து தன்னைத் தானே அளந்துகொள்ளும். நீளமான, சமமான நேர்ப்பாதையில் செய்யுங்கள். மேசை விளிம்புப் பக்கம் வேண்டாம்.

வெருலமிலிருந்து: கரண்ட் போய்த் திரும்பி வந்ததும் பூஸ்டர் (தண்டவாளத்துக்கு மின்சாரம் தரும் பெட்டி) ட்ரிப் ஆகிறது. தண்டவாளத்தில் ஷார்ட் எதுவும் இல்லை.

லேஅவுட்டில் நிற்கும் எல்லா ஓசை எஞ்சின்களின் கப்பாசிட்டர்களும் ஒரே நேரத்தில் மின்சாரம் இழுக்கின்றன. பூஸ்டர் அதை ஷார்ட் என்று எடுத்துக்கொள்கிறது. ஓடாத எஞ்சின்கள் நிற்கும் பாதைகளுக்குத் தனித்தனி சுவிட்ச் போட்டு ஒவ்வொன்றாகத் திறந்துவிடுங்கள். கரண்ட் போனதும் பிளக்கைப் பிடுங்கிவிடுவது, கட்டளைகளை அனுப்பும் கமாண்ட் ஸ்டேஷனுக்கும் பாதுகாப்பு.

போர்ட் ஷெப்ஸ்டனிலிருந்து: ஹார்டிங் குறும்பாதையில் ஓடிய என்ஜிஜி16 வகை கேரெட்டைச் சிறிய அளவில் செய்கிறேன். ஸ்பீக்கரை எங்கே வைப்பது?

ஓசை புகைபோக்கியிலிருந்து வருவதுபோல் இருந்தால் அழகுதான், ஆனால் அந்த அளவில் பாய்லருக்குள் மோட்டாரோ டிகோடரோ இருக்கும். முன் தொட்டியில் சுகர் க்யூப் ஸ்பீக்கர் (சர்க்கரைக் கட்டி அளவுள்ள சின்ன ஸ்பீக்கர்) ஒன்றைத் தாராளமாகப் பொருத்தலாம். ஸ்பீக்கரின் பின்பக்கப் பெட்டி காற்றுப் புகாமல் மூடியிருக்க வேண்டும். ஓர் ஊசித் துளை இருந்தாலும் குப் ஓசை தகரம்போல் சன்னமாகிவிடும். விளிம்பைச் சுற்றிப் பசை விட்டு மூடுங்கள். இரண்டு தொட்டியிலும் வைப்பதானால் 8 ஓம் ஸ்பீக்கர் இரண்டைப் பேரலலில் இணைத்தால் 4 ஓம் ஆகும், லோக்சவுண்ட் 5 அதைத் தாங்கும். வேறு டிகோடர் என்றால் அதன் கையேட்டில் குறைந்தபட்ச ஓம் எவ்வளவு என்று பார்த்த பிறகு சால்டர் வையுங்கள். ஒலியளவை லோக்சவுண்டில் சிவி 63-ஆலும், சிமோவில் சிவி 266-ஆலும் பாதிக்குக் குறைத்துவிட்டு ஆரம்பியுங்கள். சின்ன ஸ்பீக்கர் முழு ஒலியில் கிழிந்துபோகும்.