ஆறு வாரம் ஆச்சு, லண்டன் பக்கம் ஏன் இன்னும் ஸ்கேன் எடுக்கல?

முதல்ல வாழ்த்துக்கள்டா தங்கச்சி! நீ கேட்டது இதுதானே, லண்டன் பக்கத்துல ஸ்லவ்ங்கிற ஊருக்கு வந்து நாலு மாசம், நாள் தள்ளிப் போய் கிட்ல ரெண்டு கோடு வந்துடுச்சு, கணக்குப்படி ஆறு வாரம், ஜிபிக்கு, அதான் இங்க குடும்ப டாக்டர், போன் போட்டா ரத்த டெஸ்டும் கிடையாது ஸ்கேனும் கிடையாது மிட்வைஃப்கிட்ட (கர்ப்பம், பிரசவம் பாக்குற நர்ஸ்) நீங்களே பதிஞ்சுக்கோங்கன்னு வச்சுட்டாங்க, தஞ்சாவூர்லேர்ந்து அம்மா தினம் "இன்னுமா ஸ்கேன் பாக்கல"ன்னு கேக்குறாங்க, இதெல்லாம் நார்மலா, உள்ள விட்டுப் பாக்குற ஸ்கேன் வலிக்குமா.

நார்மல்தான்மா. ஊர்ல நாள் தள்ளிப் போச்சுன்னு சொன்னதுமே லேடி டாக்டர் படுக்க வச்சுப் பாத்துடுவாங்க, அப்புறம் மாசா மாசம் ஸ்கேன்னு பழகிட்டோம். இங்க என்எச்எஸ்ல, அதாவது அரசாங்க மருத்துவத்துல, எல்லாம் ஒழுங்கா போனா மொத்தமே ரெண்டு ஸ்கேன்தான், முதல்து 11லேர்ந்து 14 வாரத்துக்குள்ள, ரெண்டாவது 20 வாரத்தை ஒட்டி, குழந்தையோட உறுப்பெல்லாம் சரியா இருக்கான்னு பாக்குற, நாம அனாமலி ஸ்கேன்னு சொல்றோமே அது. வீட்டு கிட்ல பாசிட்டிவ்னு சொன்னாலே நம்பிடுவாங்க, அதான் ரத்தம் எடுக்கல. ஆனா மிட்வைஃப் ஃபார்ம இன்னிக்கே ஆன்லைன்ல போட்டுடு, முதல் சந்திப்பு 10 வாரத்துக்குள்ள நடக்கணும், லேட்டா போட்டா ஸ்கேன் தேதியும் தள்ளிப் போகும். ஃபோலிக் ஆசிட் 400 மைக்ரோகிராம், வைட்டமின் டி 10 மைக்ரோகிராம், ரெண்டும் யாரும் எழுதித் தர வேணாம், பார்மசில நீயே வாங்கிக்கலாம்.

இதுல ஒரு விதிவிலக்கு இருக்கு. ரத்தம் பட்டாலோ வயித்து வலி வந்தாலோ 12 வாரம் வரைக்கும் காத்திருக்கக் கூடாது. பெரிய ஆஸ்பத்திரிகள்ல இதுக்குன்னே 'ஏர்லி பிரெக்னன்சி யூனிட்' வச்சிருப்பாங்க, சில இடத்துல நீயே போன் பண்ணலாம், சில இடத்துல ஜிபியோ, 111ங்கிற மருத்துவ ஹெல்ப்லைனோ சொல்லி அனுப்பணும், உங்க ஏரியால எப்படின்னு இப்பவே கேட்டு நம்பரை சேவ் பண்ணி வை. ஒரு பக்கமா சுருக்குனு கடுமையா வலி, தோள்பட்டை நுனில வலி, தலை சுத்தி மயக்கம் வருதுன்னா அது டியூப்ல தங்கின கருவா இருக்கலாம், அப்ப யூனிட்டும் வேணாம் ஒண்ணும் வேணாம், நேரா ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்கு, இங்க ஏ அண்ட் ஈம்பாங்க, போ, முடியலன்னா 999க்கு போன் போட்டு ஆம்புலன்ஸ் கூப்பிடு.

என் கதை அப்படித்தான் ஆரம்பிச்சுது. 2014ல, கணக்குப்படி ஏழு வாரம், காலைல பாத்ரூம்ல லேசா பழுப்புக் கறை. பயந்துட்டு அந்த யூனிட்டுக்கு ஓடினேன். ஊர்ல சொல்லுவாங்களேன்னு ஒரு லிட்டர் தண்ணி குடிச்சு அடக்கிட்டு உக்காந்திருந்தா, அங்க போனதும் போய் யூரின் போயிட்டு வாங்கங்கிறாங்க, உள்ளே பாக்குற ஸ்கேனுக்கு மூத்திரப்பை காலியா இருக்கணுமாம். இடுப்புக்குக் கீழ ட்ரெஸ்ஸை எடுத்துட்டு பேப்பர் ஷீட் போத்திக்கச் சொன்னாங்க, குச்சி மாதிரி ப்ரோப், அதுக்கு உறை மாட்டி ஜெல் தடவி, வேணும்னா நீங்களே உள்ள வச்சுக்கலாம்னாங்க. அழுத்துற மாதிரி இருக்கும், வலின்னு சொல்ல முடியாது, வலிச்சா நிறுத்துங்கன்னு சொன்னா நிறுத்தணும். லேடி வேணும்னா முன்னாடியே கேளு, கூட ஒரு ஆளை நிக்க வைக்கவும் கேக்கலாம். குழந்தைக்கு இதனால ஒண்ணும் ஆகாது.

கஷ்டமே அந்த அமைதிதான். ஸ்கேன் எடுத்தவங்க ஸ்க்ரீனை தன் பக்கமே திருப்பி வச்சுக்கிட்டு க்ளிக் க்ளிக்னு அளந்துக்கிட்டே இருந்தாங்க, ஒரு வார்த்தை இல்ல, நான் கூரைல இருந்த ட்யூப்லைட்டையே பாத்துட்டுக் கிடந்தேன். அப்புறம்தான் சொன்னாங்க, கரு வளர்ற பை தெரியுது, கரு இன்னும் தெரியல, பத்து நாள் கழிச்சு வாங்க. கையில ஒரு நோட்டீஸ், அதுல கருச்சிதைவுன்னு பெருசா போட்டிருக்கு. இன்னிக்கு நினைச்சாலும் எனக்குக் கோவம்தான், ரெண்டு நிமிஷம் உக்காந்து விளக்கியிருக்கலாம்.

விஷயம் என்னன்னா, கடைசி பீரியட்ஸ்லேர்ந்து எண்ணுற கணக்கு 28 நாள் சுழற்சிக்குப் போட்டது, எனக்கு 38, 40 நாள் ஆகும், அப்ப அவங்க ஏழுன்னு நினைச்சது நிஜத்துல அஞ்சரைதான். அஞ்சு வாரத்துல வெறும் பை, ஆறு வாரம் வாக்குல அரிசி மாதிரி ஒரு துளி, அதுல இதயத் துடிப்பா ஒரு மினுக்கு, அவ்ளோதான் தெரியும். பதினோராவது நாள் அந்த மினுக்கைப் பாத்தேன். அம்மா போன்ல "துடிப்பு சத்தம் கேட்டுச்சா"ன்னாங்க, இவ்ளோ சீக்கிரத்துல சத்தம் போட்டுக் காட்ட மாட்டாங்கன்னு சொன்னா நம்பவே இல்ல.

எல்லாருக்கும் இப்படி நல்லபடியா முடியும்னு பொய் சொல்ல மாட்டேன், என் ஃப்ரெண்டுக்கு ரெண்டாவது ஸ்கேன்ல துடிப்பு இல்லைன்னுதான் சொன்னாங்க. ஆனா கரு 7 மில்லிமீட்டருக்குக் கம்மியா இருந்து துடிப்பு தெரியலன்னா ஒரே ஸ்கேனை வச்சு முடிவு சொல்ல மாட்டாங்க, குறைஞ்சது ஏழு நாள் விட்டு திரும்பப் பாப்பாங்க. அதனால ஆர்வத்துல ஆறு வாரத்துலயே காசு கொடுத்து பிரைவேட் ஸ்கேன் போகாத, ஒண்ணும் தெரியாம தூக்கம்தான் போகும், போகணும்னே இருந்தா எட்டு வாரம் தாண்டிப் போ.

12 வாரத்து ஸ்கேன் வயித்து மேலதான், அதுக்குத் தண்ணி குடிச்சுட்டுப் போகணும். அஞ்சு சென்டிமீட்டர் சொச்சம் பிள்ளை, கை கால் ஆட்டும், அங்கதான் டெலிவரி தேதியை மாத்திச் சொல்லுவாங்க. குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் மாதிரி குறை இருக்க வாய்ப்பு எவ்வளவுன்னு பாக்க ஊர்ல என்டி ஸ்கேன், டபுள் மார்க்கர்னு சொல்றது இங்கயும் அதே நாள்ல, ஆனா வேணுமா வேணாமான்னு உன்னைக் கேப்பாங்க, வேணாம்னாலும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. அந்த வாய்ப்பு 150ல ஒண்ணு, இல்ல அதைவிட அதிகம்னு வந்தாதான் அடுத்த டெஸ்ட் பத்திப் பேசுவாங்க, அதுவும் வாய்ப்புதான், முடிவு இல்ல.

ஆணா பொண்ணான்னு 12ல சொல்ல மாட்டாங்க. 20ல நீ கேக்கலாம், இந்தியால 1994 சட்டப்படி அதைச் சொல்றதே குத்தம், இங்க அப்படி இல்ல, எங்க ஆஸ்பத்திரில அவங்களே கேட்டப்ப நான்தான் திருதிருன்னு முழிச்சேன்.

மாப்பிள்ளையைக் கூட்டிட்டுப் போ. வேலைக்குப் போறியா, செக்கப் நேரத்துக்கு சம்பளம் பிடிக்கக் கூடாது. இங்கிலீஷ்ல தடுமாற்றம்னா தமிழ் இன்டர்பிரெட்டர் இலவசம், புக் பண்ணும்போதே சொல்லிடு. மருந்துக்குக் காசு கட்ட வேணாம்ங்கிற சர்டிபிகேட்டுக்கும் மிட்வைஃப்கிட்ட கேளு.

அப்புறம் ஸ்கேன் போட்டோ கொடுத்தா உடனே மொபைல்ல படம் எடுத்து வச்சுக்கோ, அது பில் பேப்பர் மாதிரி, சூடு பட்டா கருத்துப் போகும். நான் பத்திரமா இருக்கட்டும்னு லேமினேஷன் போட்டேன், எங்க பையனோட முதல் போட்டோ இப்ப ஒரு கருப்பு அட்டையாத்தான் ஆல்பத்துல இருக்கு.