“மூன்றாம் நபர் தகவல்” என்று எழுதினால் போதுமா? ஒரு சட்ட அலுவலரின் கேள்வி

கேள்வி: நான் ஓர் உள்ளாட்சி அமைப்பில் சட்ட அலுவலராகச் சேர்ந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. தகவல் பெறும் உரிமைச் சட்ட மனுக்களில் சிக்கலானவை என் கருத்துக்காக அனுப்பப்படுகின்றன. அண்மையில் ஒரு சாலைப் பணியின் அளவீட்டுப் புத்தகம், ஒப்பந்ததாரருக்குத் தொகை வழங்கப்பட்ட பட்டியல்கள், குறிப்புக் கோப்பு (அலுவலர்கள் எழுதும் குறிப்புகள் அடங்கியது) ஆகியவற்றின் நகல்களைக் கேட்டு வந்த மனு, 22-ஆம் நாளில்தான் என்னிடம் வந்து சேர்ந்தது. “மூன்றாம் நபர் தகவல் என்று எழுதி மறுத்துவிடுங்கள்; விசாரணையும் நடக்கிறது” என்று மேலதிகாரி வாய்மொழியாகக் கூறினார். குறிப்புக் கோப்பில் இரண்டு பக்கங்களை மாற்றித் தட்டச்சு செய்யப்போவதாகவும் காதில் விழுந்தது. அலுவலகத்துக்குச் சாதகமாக எழுதுவதுதானே என் கடமை? அபராதம் என் மீதும் விழுமா? நான் எழுதும் கருத்தையே நாளை ஒருவர் கேட்டால் கொடுக்க வேண்டியிருக்குமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: உங்கள் கட்சிக்காரர் அந்த அலுவலகம், அதில் அமர்ந்திருக்கும் மேலதிகாரி அல்ல. மற்ற கேள்விகளுக்கான விடைகள் இந்த வேறுபாட்டிலிருந்தே கிடைக்கின்றன. 2005-ஆம் ஆண்டின் தகவல் பெறும் உரிமைச் சட்டம், தகவலைக் கொடுப்பதா மறுப்பதா என்று முடிவெடுக்கும் பொறுப்பை அலுவலகத் தலைவரிடம் ஒப்படைக்காமல், பொதுத் தகவல் அலுவலரிடம் ஒப்படைத்திருக்கிறது. மறுப்பு தவறு என்று கண்டு தகவல் ஆணையம் அபராதம் விதித்தால், அது அந்த அலுவலர் மீது தனிப்பட்ட முறையில் விழுகிறது. ஆகவே, நிற்காத ஒரு காரணத்தை நீங்கள் எழுதிக் கொடுத்தால், சிக்குபவர் உங்களை நம்பிக் கையெழுத்திட்ட உங்கள் சக அலுவலர்தான்.

இப்போது “மூன்றாம் நபர் தகவல்” என்ற அந்தச் சொற்றொடருக்கு வருவோம். அரசு அலுவலகங்களின் மறுப்புக் கடிதங்களில் இதைவிட அதிகமாகத் தவறாகக் கையாளப்படும் சொற்றொடரை நான் பார்த்ததில்லை. சட்டத்தின் 11-ஆம் பிரிவு ஒரு நடைமுறையைச் சொல்கிறதே தவிர, அது தன்னளவில், தகவலைத் தராமல் இருக்க அனுமதிக்கும் விலக்கு அல்ல. மூன்றாம் நபர் அளித்த, அல்லது அவரைப் பற்றிய ஒரு தகவலை அவர் இரகசியமாகக் கருதிவந்திருக்கும்போது, அதை வெளியிட எண்ணும் பொதுத் தகவல் அலுவலர், மனு கிடைத்த ஐந்து நாள்களுக்குள் அவருக்கு அறிவிப்பு அனுப்ப வேண்டும். அறிவிப்பு கிடைத்த பத்து நாள்களுக்குள் அவர் தம் கருத்தைத் தெரிவிக்கலாம். மனு கிடைத்த நாற்பது நாள்களுக்குள் அலுவலர் முடிவெடுக்க வேண்டும். ஒப்பந்ததாரர் ஆட்சேபித்தாலும், மறுப்பதற்கு 8 அல்லது 9-ஆம் பிரிவில் ஒரு காரணம் இருந்தே தீரவேண்டும். அவருடைய ஆட்சேபம் ஒரு கருத்துதான். அதற்குத் தடுக்கும் அதிகாரம் கிடையாது.

உங்கள் விஷயத்தில் அந்த நடைமுறைக்கே இடமில்லை என்பது என் கருத்து. அளவீட்டுப் புத்தகம் உங்கள் பொறியாளர் களத்தில் அளந்து எழுதிய பதிவேடு. அதை ஒப்பந்ததாரர் தந்ததாகவோ, அவர் இரகசியமாகக் காத்துவந்ததாகவோ யாரும் வாதிட முடியாது. பொதுப்பணம் எவ்வளவு, எதற்காக, யாருக்குப் போனது என்பதைச் சொல்லும் பட்டியலும் அப்படித்தான். அதிலுள்ள வங்கிக் கணக்கு எண், வருமான வரிக்கான நிரந்தரக் கணக்கு எண் (PAN) போன்றவற்றை மறைத்துவிட்டு மீதியைக் கொடுக்க 10-ஆம் பிரிவு வழி செய்கிறது. ஒரு வரியை மறைக்க வேண்டியிருக்கிறது என்பதற்காக முழு ஆவணத்தையும் மறுக்கக் கூடாது. 2023-ஆம் ஆண்டின் மின்னணு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 8(1)(ஜே) பிரிவைத் திருத்தி, தனிநபர் தகவல் என்ற விலக்கை மிகவும் அகலமாக்கியிருக்கிறது. அந்தத் திருத்தம் 2025 நவம்பரில் நடைமுறைக்கும் வந்துவிட்டது. அடுத்து உங்களிடம் சொல்லப்படும் காரணம் அதுவாக இருக்கலாம் என்பதால் இதைக் குறிப்பிடுகிறேன். சாலையின் நீள அகலம் எவருடைய தனிநபர் தகவலும் அல்ல. அதோடு, பொதுநலன் மேலோங்கினால் விலக்குள்ள தகவலையும் வெளியிடலாம் என்னும் 8(2) பிரிவு அப்படியே இருக்கிறது.

விசாரணை நடக்கிறது என்ற காரணமும் வெறுமனே எழுதினால் நிற்காது. 8(1)(எச்) பிரிவு, விசாரணைக்குத் தடையாக அமையும் தகவலுக்கே விலக்களிக்கிறது. விசாரணை நிலுவையில் இருப்பது மட்டும் போதாது, வெளியிடுவது எப்படித் தடையாகும் என்பதைக் காட்ட வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2007-ஆம் ஆண்டிலேயே கூறிவிட்டது. மறுப்பு நியாயமானது என்று நிறுவும் சுமை, 19(5) பிரிவின்படி, மறுத்த அலுவலரையே சாரும். விசாரணை அதிகாரியிடமிருந்து எழுத்துப்பூர்வமான காரணம் எதுவும் கோப்பில் இல்லையென்றால், அந்தப் பிரிவை நீங்கள் தொடாமல் இருப்பதே நல்லது.

உங்கள் மீது அபராதம் விழுமா என்றால், விழ வழி இருக்கிறது. பொதுத் தகவல் அலுவலர் வேறோர் அலுவலரின் உதவியை நாடலாம் என்று 5(4) பிரிவும், அப்படி நாடப்பட்டவர் சட்ட மீறல் குறித்த விஷயத்தில் பொதுத் தகவல் அலுவலராகவே கருதப்படுவார் என்று 5(5) பிரிவும் கூறுகின்றன. சட்டக் கருத்துக்காக வந்த கோப்பு அலமாரியில் தங்கிப்போனால், அந்தத் தாமதத்துக்கு ஆணையம் உங்களிடம் விளக்கம் கேட்கலாம். மனுவுக்குப் பதில் தரச் சட்டம் தரும் கெடு முப்பது நாள்; கருத்துக் கேட்டு அனுப்பியதால் அந்தக் கணக்கு நின்றுவிடாது. கூடுதல் கட்டணம் கேட்டுக் கடிதம் அனுப்பிய நாளுக்கும் மனுதாரர் அதைச் செலுத்திய நாளுக்கும் இடைப்பட்ட காலம் மட்டுமே கணக்கிலிருந்து கழியும். மனு 22-ஆம் நாளில் உங்களிடம் வந்தது என்பதை, வந்த தேதியோடு உங்கள் குறிப்பின் முதல் வரியாகவே எழுதிவிடுங்கள்.

பக்கங்களை மாற்றும் பேச்சுதான் உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கவலைப்பட வைத்தது. கேட்கப்பட்ட தகவலை அழிப்பதும், தவறானது என்று தெரிந்தே தகவல் தருவதும் 20-ஆம் பிரிவின்படி அபராதத்துக்கும் துறை நடவடிக்கைக்கும் உரியவை; பதிவேட்டைத் திருத்துவது அதையும் தாண்டிக் குற்ற வழக்காக மாறக்கூடியது. காதில் விழுந்ததை வைத்து யார் மீதும் குற்றம் சாட்டி எழுதாதீர்கள். கோப்பு உங்களிடம் இருக்கும்போதே, குறிப்புக் கோப்பிலும், கடிதங்கள் அடங்கிய நடப்புக் கோப்பிலும் எத்தனை பக்கங்கள் இருந்தன, கடைசிக் குறிப்பின் தேதி என்ன என்பதைப் பதிவு செய்து, பக்க எண் இல்லாத தாள்களுக்கு எண் இடச் செய்து, அதன் பிறகு திருப்பி அனுப்புங்கள். சாதாரண அலுவலக ஒழுங்குபோலத் தோன்றும் இந்த ஒரு பத்திக்குப் பின் எவரும் எளிதில் ஒரு தாளை உருவ மாட்டார்கள். கோபத்தில் நகல் எடுத்து மனுதாரரிடம் நீங்களே கொடுத்துவிடும் எண்ணம் எழுந்தால், அதையும் அடக்கிக்கொள்ளுங்கள். நல்லெண்ணத்தோடு இச்சட்டத்தின்படி செய்த செயலுக்கு 21-ஆம் பிரிவு தரும் பாதுகாப்பு அதற்குக் கிடைக்காது.

உங்கள் கருத்தைப் பொறுத்தவரை, 2(எஃப்) பிரிவு தகவல் என்பதற்குள் கருத்துகளையும் ஆலோசனைகளையும் சேர்த்தே சொல்கிறது. பதிவேடு என்பதற்குள் கோப்பும் அடங்கும். நிலுவையிலுள்ள வழக்கு பற்றிய சட்டக் கருத்துக்கு, நம்பிக்கை சார்ந்த உறவு என்ற 8(1)(இ) விலக்கைக் கோரி வாதிடலாம். ஓர் அன்றாட மனுவின் மீது எழுதும் குறிப்புக்கு அந்த வாதம் பலவீனமானது. எனவே வழக்கு தொடர்பான ஆலோசனையைத் தனிக் கோப்பில் வையுங்கள். இந்தக் குறிப்பை மனுதாரரும் ஒருநாள் படிப்பார் என்று வைத்துக்கொண்டே எழுதுங்கள்.

அந்தக் குறிப்பில், மறுப்பதற்குச் சட்டக் காரணம் இல்லை, இன்னின்ன விவரங்களை மறைத்து மீதியை வழங்கலாம் என்று தெளிவாகச் சொல்லிப் பொதுத் தகவல் அலுவலருக்கே அனுப்புங்கள். வாய்மொழி அறிவுரை இருந்தால் அதை எழுத்தில் தரும்படி பணிவோடு கேளுங்கள்; பெரும்பாலும் எழுத்தில் வராது. அந்த மேலதிகாரியே, மறுப்பை எதிர்த்து மனுதாரர் முதலில் முறையிட வேண்டிய முதல் மேல்முறையீட்டு அலுவலராகவும் இருந்தால், மேல்முறையீடு வருமுன்னே முடிவைச் சொல்லிவிட்டதாகிறது என்பதை அவருக்கு நினைவூட்டுவதில் தவறில்லை. அந்த மேல்முறையீட்டு ஆணையை நீங்கள் வரைந்து கொடுக்காதீர்கள்; கருத்தையும் ஆணையையும் ஒரே கை எழுதியது தகவல் ஆணையத்தில் உடனே தெரிந்துவிடும்.

இந்தப் பதில் உங்கள் பார்வைக்கு வரும்போது முப்பது நாள் கடந்திருந்தால், மறுத்ததாகவே சட்டம் கருதும்; மனுதாரர் மேல்முறையீடு செய்யலாம். அப்போதும் அவர் மேல்முறையீடு செய்யட்டும் என்று காத்திருக்க வேண்டாம். 7(6) பிரிவின்படி நகல் கட்டணம் வாங்காமல் தகவலை உடனே அனுப்பச் சொல்லுங்கள். அபராதம் நாளொன்றுக்கு 250 ரூபாய், உச்ச வரம்பு 25,000 ரூபாய். அந்த வரம்பை எட்ட நூறு நாள்கள் ஆகும் என்பதால், தாமதமானாலும் எத்தனை நாள் முன்னதாக அனுப்புகிறீர்களோ, அத்தனை நாள் அபராதம் உங்கள் பொதுத் தகவல் அலுவலருக்கு மிச்சம்தான்.