முதல் யுஎஸ்பிஎஸ்ஏ மேட்ச்: கேள்விகளும் பதில்களும்

அமெரிக்காவில் சனி, ஞாயிறு காலையில் ஊர் கிளப்புகள் நடத்தும் யுஎஸ்பிஎஸ்ஏ (ஓடியும் நின்றும் நேரத்துக்கு எதிராகச் சுடும் போட்டிகளுக்கான அமெரிக்கச் சங்கம்) கைத்துப்பாக்கிப் போட்டிகளுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கான கேள்வி பதில் இது. பதில் சொல்பவர் இந்தப் போட்டிகளில் ஆர்.ஓ. வேலை பார்ப்பவர், அதாவது டைமரைப் பிடித்துக்கொண்டு சுடுபவருக்குப் பின்னாலேயே ஓடுகிற ரேஞ்ச் ஆபிசர். வீட்டுப் பாதுகாப்புக்கு என்ன வாங்கலாம், துப்பாக்கி அரசியல் ஆகிய இரண்டுக்கும் இங்கே பதில் கிடையாது.

டல்லாஸ்: அண்ணா, ரேஞ்சில் நின்ற இடத்தில் சுட்டுப் பழக்கம். மேட்சுக்குப் போக என்னென்ன வாங்கணும்? எந்தத் துப்பாக்கி நல்லது?

கையில் இருக்கிற 9 மி.மீ. துப்பாக்கியே போதும். ரெட் டாட் (குறிபார்க்கச் சிவப்புப் புள்ளி காட்டும் கண்ணாடி) இருந்தால் கேரி ஆப்டிக்ஸ் பிரிவு, இல்லாவிட்டால் புரொடக்‌ஷன். எதில் சேருவது என்று புரியவில்லையா, பதிவு மேசையில் துப்பாக்கியின் பெயரைச் சொன்னால் அவர்களே சொல்லிவிடுவார்கள்.

பணத்தை ஹோல்ஸ்டரில் போடுங்கள். இடுப்புக்கு வெளியே மாட்டுகிற, டிரிகரை முழுதாக மூடுகிற கெட்டியான கைடெக்ஸ் பிளாஸ்டிக் உறை. தொளதொள நைலான் உறை வேண்டாம். தோளில் மாட்டும் உறைக்கு அனுமதியே இல்லை. விரலால் அழுத்தினால் விடுகிற பூட்டு வைத்த உறையைப் பல கிளப்புகள் விடுவதில்லை, ஏனென்றால் உருவும்போது அழுத்திய விரல் அப்படியே டிரிகருக்குள் போய் நிற்கும். மடங்காத பெல்ட், குறைந்தது 4 மேகசின், 3 பவுச், கண்ணாடி, காதுக்கு மின்னணு மஃப்.

தோட்டா: ஒரு ஸ்டேஜுக்கு, அதாவது டைமர் வைத்துச் சுடும் ஒரு சுற்றுக்கு, அதிகபட்சம் 32 சுடுகை. ஐந்தாறு ஸ்டேஜ் என்றால் 150 தேவைப்படும், 250 கொண்டு போங்கள். ஒரு காந்தத்தையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். குண்டின் நுனியில் வைத்துப் பாருங்கள், ஒட்டினால் அந்தப் பெட்டி வேண்டாம். உள்ளே எஃகு இருக்கும். அது இரும்பு இலக்குகளைக் குழி போடும், பொறி பறக்கும், கிளப் வீட்டுக்கு அனுப்பிவிடும்.

முக்கியமானது இது: துப்பாக்கி காலியாக, பைக்குள்ளேயே வர வேண்டும். சேஃப்டி ஏரியா என்று பலகை மாட்டிய மேசையில்தான் எடுத்து உறையில் வைக்கலாம். அந்த மேசையில் தோட்டாவைத் தொடக்கூடாது. டம்மி தோட்டாவும் தோட்டாதான். தோட்டா நிரப்பிய மேகசினை அங்கே கையில் எடுத்தாலே அன்றைய மேட்ச் முடிந்தது.

எடிசன், நியூ ஜெர்சி: நான் எச்1பி. கூட்டாளிகள் கூப்பிடுகிறார்கள். போகலாமா?

இதைப் படித்துவிட்டுப் போங்கள். கூட்டாட்சிச் சட்டம், 18 யுஎஸ்சி 922(ஜி)(5)(பி): குடியேற்றம் அல்லாத விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது குற்றம். வாடகைத் துப்பாக்கியும் அடக்கம், நண்பன் நீட்டியதைக் கையில் வாங்குவதும் அடக்கம். எச்1பி, எஃப்1, எச்4, எல்1 எல்லாம் இந்தக் கணக்கில் வரும். கிரீன் கார்டு வந்தவர்களுக்கு இந்தத் தடை இல்லை.

அதே சட்டத்தின் (ஒய்)(2) விலக்குத் தருகிறது. அமெரிக்காவில் ஒரு மாநிலம் முறையாகக் கொடுத்த, செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருந்தால் தடை பொருந்தாது. பலர் இதைத்தான் வாங்கி வைத்திருக்கிறார்கள். கோட்டை விடுவது தேதியில்: உரிமம் காலாவதியான மறுநாள், அலமாரியில் கிடக்கிற துப்பாக்கியே குற்றமாகிவிடும். மாநிலச் சட்டம் தனி, உங்கள் நியூ ஜெர்சியில் அது இன்னும் கடுமை. மேகசின் 10 தோட்டாவுக்கு மேல் கூடாது. விசாவோடு விளையாடாதீர்கள், ஒரு வக்கீலுக்குக் காசு கொடுத்துக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஹூஸ்டன்: கிளாக் 34-ஆ, சிஇசட் ஷேடோ 2-ஆ? எது பெஸ்ட்?

எது வாங்குவது என்பதற்கு முதல் பதிலைப் பாருங்கள். ஷேடோ 2 பற்றி ஒன்று மட்டும். புரொடக்‌ஷனிலும் கேரி ஆப்டிக்ஸிலும் சுத்தியல் முழுதாக இறங்கிய நிலையில்தான் தொடங்க வேண்டும். அந்தத் துப்பாக்கியில் சுத்தியலைப் பத்திரமாக இறக்கித் தரும் டீகாக்கர் நெம்புகோல் கிடையாது. குழலின் பின்முனையில் உள்ள அறையில் (சேம்பர்) தோட்டா இருக்க, டிரிகரை அழுத்திக்கொண்டே கட்டைவிரலால் சுத்தியலைப் பிடித்து மெல்ல இறக்க வேண்டும். வியர்த்த விரல் வழுக்கினால் வெடிக்கும், வெடித்தால் டி.க்யூ., அதாவது மேட்சிலிருந்து நீக்கம். காலித் துப்பாக்கியில் வீட்டில் பழகிவிட்டு வாருங்கள். இறக்கும்போது குழல் நுனி குண்டைத் தடுக்கும் மண்மேட்டைப் பார்த்திருக்கட்டும்.

சான் ஹோசே: முதல் மேட்சிலேயே டி.க்யூ. ஆகிவிடுவேனோ என்று பயம். எதில் மாட்டுகிறார்கள்?

நல்ல கேள்வி. மூன்று இடங்களில் மாட்டுகிறார்கள்.

முதலாவது 180 பாகை விதி. சுடும் திசையைப் பார்த்து நிற்கும்போது உங்கள் இரு தோள்கள் வழியாக ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். துப்பாக்கியின் வாய் அந்தக் கோட்டுக்குப் பின்னால் ஒரு கணம்கூடத் திரும்பக்கூடாது. வலது கைக்காரர் இடப்பக்கம் ஓடிக்கொண்டே மேகசின் மாற்றுவதுதான் பொறி. மாற்றும்போது வலது கை துப்பாக்கியை இயல்பாகவே உடலுக்கு இடப்புறமாகச் சாய்க்கும். நேராக நிற்கையில் அதனால் ஆபத்தில்லை. உடலே இடப்பக்கம் திரும்பி ஓடும்போது, உடலுக்கு இடப்புறம் என்பது கூட்டம் நிற்கிற பக்கம். தீர்வு: முதல் எட்டு வைப்பதற்குள் மேகசினை மாற்றி முடியுங்கள். முடியவில்லை என்றால் கால் மட்டும் இடப்பக்கம் போகட்டும், துப்பாக்கி மண்மேட்டிலேயே நிற்கட்டும். வேகம் போனால் போகட்டும்.

இரண்டாவது விரல். ஓடும்போதும், மேகசின் மாற்றும்போதும், சிக்கல் எடுக்கும்போதும் விரல் டிரிகர் கார்டுக்கு (டிரிகரைச் சுற்றிய வளையம்) வெளியே, ஸ்லைடை (பின்னால் இழுபடும் மேல்பகுதி) ஒட்டி நீட்டியிருக்க வேண்டும். ஆர்.ஓ.வின் கண் இலக்கில் இருக்காது, உங்கள் விரலில்தான் இருக்கும்.

மூன்றாவது, எல்லாம் முடிந்த பிறகு. "இஃப் யூ ஆர் ஃபினிஷ்ட், அன்லோட் அண்ட் ஷோ கிளியர்" என்றதும் முதலில் மேகசின் வெளியே, அப்புறம் ஸ்லைடை இழுப்பது. பதற்றத்தில் முதலில் ஸ்லைடை இழுத்து, பிறகு மேகசினை எடுத்தால், மேலே இருந்த தோட்டா அறைக்குள் போய் உட்கார்ந்துவிடும். உள்ளே பார்க்காமல் "இஃப் கிளியர், ஹேமர் டவுன், ஹோல்ஸ்டர்" கட்டளைக்கு டிரிகரை இழுத்தால் டுமீல். வெளியே வரும் தோட்டாவை ஸ்லைடுக்கு மேல் உள்ளங்கை குவித்துப் பிடிக்கிற ஸ்டைலும் வேண்டாம். தோட்டாவை வெளியே தள்ளும் எஜெக்டர் முனை, தோட்டாவின் அடியில் பற்றவைக்கிற பிரைமரில் குத்தி, தோட்டா கைக்குள்ளேயே வெடித்த சம்பவங்கள் உண்டு. தரையில் விழட்டும், அப்புறம் பொறுக்கலாம்.

இன்னொன்று: இரும்பு இலக்கை 23 அடிக்குள் நெருங்கிச் சுட்டாலும் டி.க்யூ.

கோயம்புத்தூர்: சார், இங்கே இந்த மாதிரிப் போட்டிக்கு லைசென்ஸ் எப்படி எடுப்பது?

அது இந்திய ஆயுதச் சட்டம், என் எல்லை இல்லை. உங்கள் மாவட்ட ரைபிள் கிளப்பில் கேளுங்கள்.

ஜெர்சி சிட்டி: ஊரில் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் சுட்டவன் நான். இங்கே பார்த்தால் எல்லாரும் தடதடவென்று ஓடி, சி மண்டலத்தில் அடித்துவிட்டுச் சந்தோஷப்படுகிறார்கள். குறி தவறாமல் அடிப்பதுதானே சுடுதல்?

குறி வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை, நேரத்தால் வகுக்கிறோம். மைனர் பவரில் (வலுக் குறைந்த தோட்டா) அட்டையின் நடு மண்டலமான ஏ 5 புள்ளி, அதைச் சுற்றிய சி 3, ஓரத்து டி 1. தவறினால் கழித்தல் 10. மொத்தப் புள்ளியை வினாடியால் வகுத்தால் ஹிட் ஃபேக்டர்.

8 அட்டை இலக்கு, அட்டைக்கு இரண்டாக 16 சுடுகை, 80 புள்ளி உள்ள ஒரு ஸ்டேஜ். முதல் ஆள் 16 ஏ, 16 வினாடி: 5.00. இரண்டாம் ஆள் 12 ஏ, 4 சி, 13 வினாடி: 72-ஐ 13-ஆல் வகுத்தால் 5.54. ஸ்டேஜ் இரண்டாமவருக்கு. அவருக்கு முழு 80, முதலாமவருக்கு 72.2.

ஜெர்சி சிட்டி: அப்போ வேகம்தான் கடவுள் என்கிறீர்கள்.

மூன்றாம் ஆளைப் பாருங்கள். இன்னும் வேகம், 12.5 வினாடி, 11 ஏ, 4 சி, ஒரு மிஸ். 55 கூட்டல் 12 கழித்தல் 10, ஆக 57. ஹிட் ஃபேக்டர் 4.56, ஸ்டேஜ் புள்ளி சுமார் 66. நிதானமாகச் சுட்டவருக்கும் கீழே போய்விட்டார். வராத 5-ம் கழிகிற 10-ம் சேர்ந்து ஒரு மிஸ்ஸின் விலை 15 புள்ளி. ஹிட் ஃபேக்டர் 5 என்றால் அது 3 வினாடி. சந்தேகம் வந்ததும் அரை வினாடியில் இன்னொரு குண்டு போட்டிருக்கலாம்.

ஜெர்சி சிட்டி: சரி. உங்கள் இரண்டாம் ஆள் கொஞ்சம் நிதானித்து அந்த 4 சி-யையும் ஏ ஆக்கியிருந்தால்?

இப்போது விஷயத்துக்கு வந்தீர்கள். 80-ஐ 5.54-ஆல் வகுத்தால் 14.44. ஆக அவரிடம் 1.44 வினாடி இருக்கிறது, ஒரு சி-க்கு 0.36. அதற்குள் ஏ ஆக்க முடிந்தால் லாபம். ஏ மண்டலம் 15 செ.மீ. அகலம், 28 செ.மீ. உயரம். உங்கள் 11.5 மி.மீ. பத்து வளையத்தோடு ஒப்பிட்டால் அது கதவு. பத்து கெஜத்தில் ரெட் டாட்டைச் சரியாகப் பார்த்துச் சுட 0.36 தேவையே இல்லை. ஆகவே ஹிட் ஃபேக்டர் 5, 6 வருகிற ஸ்டேஜில் நீங்கள் சொல்வது பெரும்பாலும் சரி. 10-க்கு மேல் போகிற கிட்டத்து ஸ்டேஜில் சி-க்கு விலை 0.2 வினாடிதான், அங்கே வேகத்தை விடக்கூடாது.

ஆஸ்டின்: லிமிடெட் பிரிவில் மேஜர் பவர் (வலுக் கூடிய தோட்டா) சுட்டால் இந்தச் சண்டையே இல்லையே. சி-க்கு 4.

உண்மை. மேஜருக்குத் தேவையான 165 பவர் ஃபேக்டரின் (தோட்டாவின் வலு அளவு) உதைப்பையும் தோட்டா விலையையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

அட்லாண்டா: இன்னொரு கைத்துப்பாக்கிப் போட்டி அமைப்பான ஐடிபிஏவில் இந்தக் குழப்பம் எதுவும் இல்லை. இழந்த ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு வினாடி கூடும். அதுதான் நிஜ வாழ்க்கைக்குப் பொருந்தும்.

இரண்டும் விளையாட்டு. ஐடிபிஏவின் கணக்கு எளிது என்பதை ஒப்புக்கொள்கிறேன், நிஜ வாழ்க்கை வாதத்துக்கு நான் வரவில்லை.

ஜெர்சி சிட்டிக்கு இன்னும் ஒன்று. 13 வினாடிக்கும் 16-க்கும் உள்ள வித்தியாசம் விரலில் இல்லை. ஒரே அட்டையில் இரண்டு குண்டுக்கு இடையே 0.25 எடுப்பவர் 0.20 ஆக்கினால், 8 அட்டைக்கு 0.4 வினாடி மிச்சம். நான்கு இடங்களில் வந்து நின்று, மூச்சு விட்டு, அப்புறம் துப்பாக்கியைத் தூக்குகிறவர் இடத்துக்கு அரை வினாடி இழக்கிறார், மொத்தம் 2. அந்த இடத்துக்குள் நுழையும்போதே துப்பாக்கி கண் மட்டத்தில் இருக்கட்டும், முழங்கால் மடிந்திருக்கட்டும். ஏர் பிஸ்டல்காரருக்கு டிரிகர் ஏற்கெனவே வசப்பட்டிருக்கும். கால்தான் பாக்கி.

சிகாகோ: மலிவான 115 கிரெய்ன் தோட்டாப் பெட்டி வாங்கலாமா?

குண்டின் கிரெய்ன் எடையை அடி/வினாடி வேகத்தால் பெருக்கி 1000-ஆல் வகுங்கள், அதுதான் பவர் ஃபேக்டர். மைனருக்கு 125 வந்தாக வேண்டும். 115 × 1150 = 132, தாராளம். அதே தோட்டா குட்டைக் குழலில் 1080 போனால் 124.2. வேகம் அளக்கிற பெரிய மேட்சில் அப்படி வந்தால் உங்கள் புள்ளி கணக்கில் சேராது. உள்ளூர் மேட்சில் பெரும்பாலும் அளப்பதில்லை. 124 கிரெய்ன் வாங்கினால் கவலை இல்லை. பெட்டியைச் சேஃப்டி ஏரியாவுக்குக் கொண்டு போகாதீர்கள்.

ஃபீனிக்ஸ்: புதுசா ஆரம்பிக்கிறேன், எந்த கன்?

முதல் பதில்.

ராலே: மனைவி எச்4. அவர் சும்மா ஒரு தடவை சுட்டுப் பார்க்கலாமா?

இரண்டாம் பதில். "சும்மா" என்று ஒரு விலக்கு அந்தச் சட்டத்தில் இல்லை.

சியாட்டில்: கிளாஸிஃபிகேஷன் (திறமைத் தரநிலை) எப்போது வரும்?

உறுப்பினராகி நான்கு கிளாஸிஃபையர் ஸ்டேஜ் சுட்ட பிறகு. 40 சதவீதத்துக்குக் கீழே டி, 60 வரை சி, 75 வரை பி, 85 வரை ஏ, 95 வரை மாஸ்டர், அதற்கு மேல் கிராண்ட் மாஸ்டர்.

டாம்பா: மகனுக்கு 12 வயது. கூட்டி வரலாமா? எந்த கன் வாங்கித் தரட்டும்?

ஸ்டீல் சேலஞ்சுக்குக் கூட்டிப் போங்கள். அதுவும் யுஎஸ்பிஎஸ்ஏ நடத்துவதுதான். 5 இரும்புத் தட்டு, ஓட்டம் கிட்டத்தட்ட இல்லை. .22 ரிம்ஃபயரில் உறையிலிருந்து உருவவே வேண்டாம், துப்பாக்கியைத் தாழ்த்திப் பிடித்தபடி தொடங்கலாம். பெரும்பாலான ஸ்டேஜில் ஐந்து முறை சுட்டு, நேரத்தில் மோசமான ஒன்றைத் தள்ளிவிடுவார்கள். சிறுவர்களுக்குக் கிளப் வைத்திருக்கும் விதியை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். அவனுக்கும் சொல்லுங்கள்: சேஃப்டி ஏரியாவில் தோட்டாவைத் தொடக்கூடாது.

டென்வர்: மேட்ச் நடுவில் எல்லாரும் இட்லி, சாண்ட்விச் என்று சாப்பிடுகிறார்களே, ஈயம் பிரச்சினை இல்லையா?

உண்டு. பிரைமர் புகையிலும் குண்டின் அடியிலும் ஈயம் இருக்கிறது. மேகசின் நிரப்பின கை, அட்டைக்கு டேப் ஒட்டின கை, தரையில் காலித் தோட்டா பொறுக்கின கை, எல்லாமே வாய்க்குப் போகிற வழி. ஈயத்தைத் துடைக்கவென்றே விற்கும் துடைப்புத் தாளாலோ, சோப்பும் குளிர்ந்த தண்ணீருமாகவோ கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள். ஜெல் சானிடைசர் கிருமியைக் கொல்லும், ஈயத்தை எடுக்காது. தொப்பியில் காலித் தோட்டா பொறுக்கி, அதையே தலையில் மாட்டுகிற வழக்கத்தை விடுங்கள். வீட்டுக்குப் போனதும் மேட்ச் துணியைத் தனியாகத் துவையுங்கள், குளித்த பிறகு குழந்தையைத் தூக்குங்கள். அடிக்கடி சுடுபவர், அதுவும் உள்ளரங்க ரேஞ்சில் சுடுபவர், வருடத்துக்கு ஒரு முறை ரத்தத்தில் ஈய அளவு பார்த்துக்கொள்ளலாம். சாதாரண ரத்தப் பரிசோதனைப் பட்டியலில் அது இருக்காது, டாக்டரிடம் தனியாகக் கேட்டு எழுதி வாங்க வேண்டும்.