செல்லப்பிராணி ஓவியத்தை முதல்முறை கண்காட்சிக்கு அனுப்பும்போது

கேள்வி: நாய், பூனைகளைக் கலர் பென்சிலில் வரைகிறேன், முறையாகப் படித்ததில்லை. உள்ளூர் ஓவியக் கண்காட்சிக்கு முதல்முறையாக ஒரு படம் அனுப்ப ஆசை. தோழியின் நாயை வரைந்ததைப் பார்த்தவர்கள் எல்லோரும் "அப்படியே இருக்கு" என்கிறார்கள். எனக்கோ ஜன்னலோரம் தூங்கும் பூனைப் படம்தான் பிடிக்கும். எதை அனுப்புவது? பிரேம், விலை எல்லாம் எப்படி?

பூனையை அனுப்புங்கள். இரண்டு படங்களையும் பார்க்காமலே இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. "அப்படியே இருக்கு" என்று சொன்னவர்கள் அந்த நாயோடு பழகியவர்கள், படத்தில் இல்லாததையும் அவர்களே நிரப்பிக்கொள்வார்கள். நடுவருக்கு அந்த நாயைத் தெரியாது. ஒளி எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது, ரோமத்துக்கு அடியில் எலும்பும் சதையும் இருப்பது தெரிகிறதா, கண் முதலில் எங்கே போய் நிற்கிறது, இதைத்தான் அவர் பார்ப்பார். சந்தேகமாக இருந்தால் இரண்டு படங்களையும் போனில் கறுப்பு வெள்ளையாக எடுத்து, சின்னதாக்கிப் பாருங்கள். அப்போதும் வடிவம் திடமாகத் தெரிகிற படம்தான் சுவரில் நிற்கும்.

இந்த வகை ஓவியங்களில் நான் அடிக்கடி பார்க்கும் குறை, ஒவ்வொரு முடியையும் ஒரே அழுத்தத்தில் வரைவது. உழைப்பு தெரியும், உயிர் இருக்காது. கண்ணைச் சுற்றியும் ஒளி நேராக விழும் இடத்திலும் மட்டும் முடியைக் கூர்மையாக விட்டு, மற்ற இடங்களில் விளிம்பைப் பின்னணியோடு கரைய விடுங்கள்.

அப்புறம் கண். மேல் இமையின் நிழல் விழியின் மேல்பகுதியில் மெல்லிய இருட்டாக விழும், பலர் இதை வரைவதே இல்லை, அதனால்தான் அவர்கள் வரையும் கண் பொம்மைக் கண் போல முழித்துக்கொண்டிருக்கும். ஒளிப்புள்ளி இரண்டு கண்களிலும் ஒரே வெளிச்சத்திலிருந்து வந்ததாகத் தெரிய வேண்டும். பிளாஷ் போட்டு எடுத்த போட்டோவில் கண்ணின் பாப்பா பச்சையாக மின்னினால் அதை அப்படியே வரைந்துவிடாதீர்கள், விழித்திரைக்குப் பின்னால் உள்ள ஒரு படலம் ஒளியைத் திருப்பி அனுப்புவதால் வருவது அது. போனை மூக்கருகே வைத்து எடுத்த படமும் இப்படித்தான் ஏமாற்றும், மூக்கு பெருத்துக் காது சுருங்கிவிடும். கொஞ்சம் தள்ளி நின்று ஜூம் செய்து எடுத்தால் முகம் சரியான அளவில் வரும்.

பின்னணி வெறுமையாக இருக்கிறதே என்று கடைசி நேரத்தில் புல்லும் பூவும் சேர்க்க வேண்டாம். ஆங்கில ஓவியர் ஜார்ஜ் ஸ்டப்ஸ் 1762 வாக்கில் வரைந்த 'விசில்ஜாக்கெட்' என்ற குதிரை ஓவியம் லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது. கிட்டத்தட்ட நிஜ அளவில் ஒரு குதிரை, பின்னால் வெறும் நிறம், பின்னங்கால்களுக்குக் கீழே கொஞ்சம் நிழல், அவ்வளவுதான். விலங்கை வரைந்தால் மதிப்பு இருக்காதோ என்று தயங்குகிறவர்களுக்கும் இந்தப் படத்தைத்தான் காட்டுவேன்.

அனுப்பும் முன் ஒரு விஷயத்தில் மட்டும் தயவுசெய்து அலட்சியம் வேண்டாம்: எந்தப் போட்டோவைப் பார்த்து வரைந்தீர்கள்? நீங்களே எடுத்தது என்றால் பிரச்சினை இல்லை. தோழி எடுத்தது என்றால் ஒரு வரி எழுத்தில் அனுமதி வாங்கி வையுங்கள். இணையத்தில் கிடைத்த படம் என்றால் அதைக் கண்காட்சிக்கு அனுப்பாதீர்கள், பென்சிலில் வரைந்துவிட்டதால் போட்டோகிராபரின் உரிமை மறைந்துவிடாது. காசு வாங்கி வரைந்த படத்தின் காப்புரிமை யாருக்கு என்பது நாட்டுக்கு நாடு மாறும், அதனால் வரையச் சொல்லிக் காசு கொடுத்தவரிடமும் கேட்டுவிடுங்கள்.

விதிமுறைத் தாளை வரி விடாமல் படியுங்கள். அளவு என்று போட்டிருந்தால் பிரேமோடு சேர்த்தா, படம் மட்டுமா? வகுப்பில் ஆசிரியர் உதவியோடு வரைந்ததையும், சில வருடங்களுக்கு முந்தைய படங்களையும் ஏற்காத கண்காட்சிகள் நிறைய உண்டு. இதில் தவறினால் படம் நடுவர் கண்ணிலேயே படாது.

பிரேமுக்கு வருவோம். கலர் பென்சில் படத்துக்குக் கண்ணாடி அவசியம், ஆனால் கண்ணாடி தாளைத் தொடக் கூடாது, நடுவில் அமிலமில்லாத மவுண்ட் அட்டை (படத்தைச் சுற்றி ஓரமாக வரும் தடித்த அட்டை) வேண்டும். வெள்ளை அல்லது தந்த நிறம் போதும், கழுத்துப்பட்டைக்குப் பொருத்தமாகச் சிவப்பு மவுண்ட் போடும் ஆசையை விட்டுவிடுங்கள். மெழுகு கலந்த கலர் பென்சிலை அழுத்தி வரைந்த இருண்ட பகுதிகளில் சில நாள் கழித்து வெண்மையாக ஒரு மங்கல் படரும். மென்மையான துணியால் லேசாகத் துடைத்து, மெல்லிய பூச்சாக ஃபிக்ஸேட்டிவ் (வரைந்ததைக் காக்கும் ஸ்பிரே) அடித்தால் அடங்கும், முதலில் வேறு தாளில் சோதித்துக்கொள்ளுங்கள். இதெல்லாம் பிரேமுக்குள் போகும் முன்பே முடிந்திருக்க வேண்டும். தொங்கவிட, பின்புறம் மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் இரண்டு பக்கமும் டி வளையம் (D எழுத்து வடிவ வளையம்) திருகி, கயிறு மேலே எட்டிப் பார்க்காதபடி கட்டுங்கள்.

தேர்வுக்குப் போட்டோ கேட்டால் கண்ணாடி போடும் முன்பே, நேர் வெயில் படாத பகல் வெளிச்சத்தில், கேமராவைப் படத்துக்கு நேராகப் பிடித்து எடுங்கள். ஃபில்டர் வேண்டாம், நேரில் நிறம் வேறாக இருந்தால் கெட்ட பெயர் உங்களுக்குத்தான்.

விலையில் பிரேம் செலவையும், ஏற்பாட்டாளர்கள் பிடிக்கும் கமிஷனையும் சேர்த்தே போடுங்கள். வீட்டில் கேட்டால் ஒரு விலை, கண்காட்சியில் ஒரு விலை என்று வைக்காதீர்கள், வாங்கியவர் காதுக்கு அது கட்டாயம் போய்ச் சேரும். பூனையைப் பிரிய மனமில்லை என்றால் 'விற்பனைக்கு இல்லை' என்று எழுதலாம், ஆனால் அதை அனுமதிக்கிறார்களா என்று கேட்டுவிட்டு எழுதுங்கள். தலைப்பாகப் பூனையின் பெயரை மட்டும் வைக்காமல், அதைத் தெரியாதவருக்கும் ஏதாவது சொல்வதாக வையுங்கள், 'மதிய வெயில்' என்றால்கூடப் போதும். உங்கள் பெயர், தலைப்பு, விலை மூன்றையும் பின்புறம் ஒட்டிவிட்டு, படிவத்தில் எழுதியதும் அதுவும் ஒன்றுதானா என்று ஒருமுறை சரிபார்த்துக் கொடுத்துவிடுங்கள்.