ஸ்பின்னும் வேண்டும், காசும் வீணாகக் கூடாது: எந்த கோல்ஃப் வெட்ஜ் வாங்கலாம்?

பந்து நல்ல ஸ்பின்னோடு (பின்சுழற்சி) விழுந்து கிரீனில், அதாவது குழியைச் சுற்றிய ஒட்ட வெட்டிய புல்தரையில், நிற்க எந்த வெட்ஜ் வாங்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். வெட்ஜ் என்றால் கிட்டத்திலிருந்து பந்தை உயரத் தூக்கி அடிக்கும் கோல்ஃப் கிளப். உங்கள் கேள்வியில் "இந்த வருடத்து மாடல் எடுத்தால்தான் பந்து கிரீனில் நிற்குமா?" என்று ஒரு வரி இருக்கிறது. அந்த ஒரு வரிக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். யாரோ உங்களிடம் அப்படிச் சொல்லியிருக்கிறார்கள். என்னிடமும் சொன்னார்கள்.

உங்களைப் பற்றி நானாகவே கொஞ்சம் ஊகித்துக்கொள்கிறேன். ஒரு ரவுண்டை நூறு ஷாட்டுக்குள் முடிக்க ஆரம்பித்திருக்கிறீர்கள். அயர்ன் (எண்ணிட்ட இரும்புக் கிளப்) செட்டோடு வந்த பிட்ச்சிங் வெட்ஜும் எங்கிருந்தோ வந்து சேர்ந்த ஒரு சாண்ட் வெட்ஜும் பையில் இருக்கின்றன. ஐம்பது அறுபது கெஜத்திலிருந்து அடித்தால் பந்து கிரீனில் விழுகிறது, ஆனால் நிற்காமல் பின்பக்கம் ஓடிப்போகிறது. அப்படியில்லை, நீங்கள் ஒற்றை இலக்க ஹாண்டிகேப் உள்ள தேர்ந்த ஆட்டக்காரர் என்றால் இந்தப் பதில் உங்களுக்கானது அல்ல. நான் ஆளுக்கேற்றபடி கிளப்பைப் பொருத்தித் தரும் ஃபிட்டரும் இல்லை, பயிற்சியாளரும் இல்லை. பதினான்கு ஹாண்டிகேப்பைச் சுற்றி ஏறி இறங்கிக்கொண்டிருக்கும் ஒரு சாதாரண ஆட்டக்காரன். "பதினாலுக்கெல்லாம் ஸ்பின்னைப் பற்றிப் பேச என்ன தகுதி" என்று கருத்தில் எழுதப் போகிறவர்கள் தாராளமாக எழுதலாம்.

என் 56 டிகிரி வெட்ஜ் பழசாகிவிட்டது என்று மாற்றப் போனேன். (டிகிரி என்பது பந்தைத் தொடும் கிளப் முகத்தின் சாய்வு, லாஃப்ட் என்பார்கள்.) லாஞ்ச் மானிட்டர் (பந்தின் வேகத்தையும் சுழற்சியையும் அளக்கும் கருவி) வைத்து அடித்துப் பார்க்க விடும் கடை. விற்பனையாளர் மரியாதையான மனிதர். "முதலில் உங்களுடையதை அடியுங்க சார்" என்றார். பக்கத்திலிருந்த கூடையிலிருந்து பந்து எடுத்து வைத்து அடித்தேன். திரையில் ஸ்பின் ஆறாயிரம் ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) சொச்சம். அடுத்து அப்போதுதான் வந்திருந்த புது மாடலைக் கையில் கொடுத்தார். அதே ஸ்விங், அதே தூரம். ஒன்பதாயிரத்தைத் தாண்டியது. "பார்த்தீங்களா சார், மூவாயிரம் வித்தியாசம். இதுதான் புது குரூவ்" என்றார். குரூவ் என்றால் முகத்தில் வெட்டியிருக்கும் கோட்டுப் பள்ளம்.

வித்தியாசம் உண்மைதான். ஆனால் புது வெட்ஜுக்கு அவர் வைத்த பந்து கூடையிலிருந்து வரவில்லை. மேசைமேல் இருந்த சின்ன அட்டைப்பெட்டியிலிருந்து வந்தது. பளபளவென்று புதுப் பந்து, யூரிதேன் உறை போட்டது. கூடையில் கிடந்ததெல்லாம் தேய்ந்த ரேஞ்ச் (பயிற்சித் திடல்) பந்து. "இந்தப் பந்தையே என் பழைய வெட்ஜால் அடிக்கிறேனே" என்றேன். அவர் முகம் கொஞ்சம் மாறியது. அடித்தேன். எட்டாயிரத்து ஐநூறைச் சுற்றி வந்தது. மூவாயிரம் வித்தியாசத்தில் பெரும்பகுதி பந்துக்குச் சொந்தம் என்று திரையே சொல்லிவிட்டது.

அவர் வேண்டுமென்றே செய்தார் என்று நான் சொல்லவில்லை. பழக்கத்தில் நடந்திருக்கலாம். ஆனால் அன்று நான் கேட்காமல் விட்டிருந்தால், ஒரு அட்டைப்பெட்டி பந்தால் வந்த மாற்றத்துக்கு ஒரு முழு வெட்ஜின் விலையைக் கொடுத்துவிட்டு வந்திருப்பேன்.

கதை அங்கே முடியவில்லை, அதையும் சொல்வதுதான் நியாயம். தண்ணீர் பாட்டிலைத் திறந்து, பந்தையும் வெட்ஜின் முகத்தையும் நனைத்துவிட்டு இரண்டு வெட்ஜாலும் மறுபடி அடித்தேன். இப்போது என் பழையது நாலாயிரத்துக்கும் கீழே போய்விட்டது. புதியது ஆறாயிரத்தை ஒட்டி நின்றது. குரூவ் எதற்கு இருக்கிறது என்பது இங்கேதான் தெரியும். காய்ந்த, சுத்தமான பந்தைச் சுத்தமான முகத்தால் அடித்தால் உராய்வே வேலையைப் பார்த்துக்கொள்ளும். ஓரளவு தேய்ந்த முகம்கூடப் பெரிய ஏமாற்றம் தராது. ஆனால் பனி, மழை, ரஃப் எனப்படும் ஓரத்து நெடும்புல்லின் சாறு என்று பந்துக்கும் முகத்துக்கும் நடுவில் ஏதாவது வந்துவிட்டால், அதை ஒதுக்கிவிட ஒரு வழி வேண்டும். மழைநாளில் டயரின் பள்ளங்கள் செய்கிற வேலைதான் இது. அந்த ஈரத்தில் பந்து வழக்கத்தைவிட உயரமாகக் கிளம்பும், பார்க்க அழகாகவும் இருக்கும், கீழே விழுந்ததும் ஓடும். "நல்லாத்தானே அடிச்சேன், ஏன் நிற்கலை?" என்று காலை முதல் ஆட்டத்தில் நாம் முழிப்பது இதனால்தான்.

ஆகவே உங்கள் காசு முதலில் போக வேண்டிய இடம் பந்து. அயனோமர் என்ற கெட்டியான பிளாஸ்டிக் உறை போட்ட 'தூரப் பந்து' டிரைவரில் (தூரம் அடிக்கும் கிளப்) பெரிய குறை வைக்காது. கிரீனைச் சுற்றித்தான் கைவிரிக்கும். யூரிதேன் உறை மென்மையாக இருப்பதால் வெட்ஜின் முகம் அதைக் கடித்துப் பிடிக்கிறது. ரவுண்டுக்கு அரை டஜன் பந்து தண்ணீரில் விடுகிறவர் என்றால் யூரிதேனுக்கு மனசு வராது, புரிகிறது. அப்படியானால் ஸ்பின்னைப் பற்றிய கேள்வியையே ஒரு வருடம் தள்ளி வைத்துவிட்டு டிரைவரைப் பார்க்கலாம். கோபப்பட வேண்டாம், நானும் அந்த வழியாக வந்தவன்தான்.

இன்னொரு விஷயம் விளம்பரங்களில் வராது. குரூவ் எவ்வளவு ஆழம், எவ்வளவு அகலம் என்பதற்கு வரம்பு இருக்கிறது. கோல்ஃப் விதிகளை வகுக்கும் யு.எஸ்.ஜி.ஏ., ஆர் அண்ட் ஏ அமைப்புகளின் விதிப்படி அகலம் 0.9 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது; ஆழம் 0.508 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். 2010 முதல், 25 டிகிரியும் அதற்கு மேலும் லாஃப்ட் உள்ள கிளப்புகளில் கோட்டின் விளிம்பு எவ்வளவு கூர்மையாக இருக்கலாம் என்பதற்கும் கட்டுப்பாடு. முகத்தின் சொரசொரப்புக்கும் வரம்பு உண்டு. ரஃபிலிருந்தும் பந்தைக் கட்டிப்போட்ட பழைய சதுரக் குரூவ்களுக்குக் கடிவாளம் போடத்தான் 2010 விதி வந்தது. அந்த ஆண்டு அமெரிக்க வீரர் ஃபில் மிக்கல்சன், பழைய சட்ட உடன்பாடு ஒன்றினால் தப்பியிருந்த, 1990க்கு முன் செய்த பிங் ஐ2 வெட்ஜைப் பையில் போட்டுக்கொண்டு வந்து பெரிய சர்ச்சையானது நினைவிருக்கலாம். விஷயம் இவ்வளவுதான்: எல்லாக் கம்பெனிகளும் ஒரே சுவரில் முதுகை முட்டிக்கொண்டு நிற்கின்றன. வோக்கி, கிளீவ்லாண்ட், கேலவே, டெய்லர்மேட், மிசுனோ, எதை எடுத்தாலும் புதிதாக இருக்கும்போது, காய்ந்த பந்தில், ஒன்றுக்கொன்று ஸ்பின் வித்தியாசம், நம் கைக்கு ஒரு ஷாட்டுக்கும் அடுத்த ஷாட்டுக்கும் வருகிற வித்தியாசத்தைவிடக் குறைவு. போன தலைமுறை மாடலும் இதே விதியின் கீழ் வந்ததுதான். வோக்கியில் எஸ்.எம்.8 2020இல், எஸ்.எம்.9 2022இல், எஸ்.எம்.10 2024இல் என்று இரண்டு வருடத்துக்கு ஒன்று வந்தது. புதியது வந்த அன்றே முந்தையது விலை இறங்கும். பிளாஸ்டிக் உறை பிரிக்காத முந்தைய மாடல்தான் இந்தச் சந்தையிலேயே காசுக்கு ஏற்ற பொருள். நான் வாங்கி வந்ததும் அதுதான். விற்பனையாளர் உள்ளே போய்த் தேடி எடுத்து வந்து கொடுத்தார், முகம் கொஞ்சம் வாடியிருந்தது, அவ்வளவுதான்.

காஸ்ட்கோ என்ற அமெரிக்கக் கடையின் கிர்க்லாண்ட் வெட்ஜ் செட் பற்றி யாராவது கேட்பீர்கள். 52, 56, 60 என்று மூன்றும் சேர்ந்து வருகிறது. வாங்க வழியிருந்தால் நல்ல பேரம்தான். ஒரே சங்கடம், லாஃப்டும் பவுன்ஸும் அவர்கள் தருவதைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த பவுன்ஸ் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல வேண்டும். ஸ்பின் ஸ்பின் என்று கேட்பவர்களில் பாதிப்பேருக்கு நிஜமான பிரச்சினை அதுதான்.

பவுன்ஸ் என்பது வெட்ஜின் அடிப்பாகம் தரையில் பதியாமல் சறுக்கி வெளியே வருவதற்கான கோணம். எண் பெரியதாக இருந்தால் தோண்டாது. சிறியதாக இருந்தால் கத்தி போல இறங்கும். நீங்கள் செங்குத்தாக இறக்கி, பந்துக்கு முன்னால் ஆழமாக ஒரு பெரிய புல் கட்டியைப் பெயர்த்தெடுக்கிற ஆள் என்றாலோ, உங்கள் மைதானத்தின் தரை மென்மை, பங்கர் மணல் பொலபொலவென்று இருக்கிறது என்றாலோ, 12, 14 பக்கம் போங்கள். புல்லை லேசாக உரசிக்கொண்டு போகிற ஸ்விங், கெட்டித் தரை என்றால் 8 போதும். நடுவில் இருப்பவர்களுக்கு 10. வோக்கியில் 56 டிகிரி ஒன்றையே 8, 10, 12, 14 என்று நாலு பவுன்ஸில் விற்கிறார்கள் என்றால் காரணம் இல்லாமல் இல்லை. பவுன்ஸ் பொருந்தாத வெட்ஜால் பந்துக்குப் பின்னால் மண்ணில் குத்துவீர்கள், இல்லையென்றால் அடி விளிம்பு பந்தின் வயிற்றில் படும். இரண்டிலும் குரூவ் பந்தைச் சரியாகத் தொடவே தொடாது. அப்புறம் எத்தனை ஆழக் குரூவ் இருந்து என்ன? நான் எடுத்தது 12. முன்பு வைத்திருந்தது 8. ஸ்பின் எண் என்ன ஆனதோ, பங்கரிலிருந்து ஒரே அடியில் வெளியே வருகிறேன்.

லாஃப்ட் விஷயம் சீக்கிரம் முடித்துவிடலாம். இப்போதைய அயர்ன் செட்டுகளில் பிட்ச்சிங் வெட்ஜ் 43, 44 டிகிரியிலேயே வந்துவிடுகிறது. முன்பு 48 ஆக இருந்தது. 44க்கும் 56க்கும் நடுவில் பன்னிரண்டு டிகிரி ஓட்டை. அதை அடைக்க 50 ஒன்று வேண்டும். அதற்கு அலங்கார வெட்ஜ் வேண்டாம், உங்கள் அயர்ன் செட்டின் கேப் வெட்ஜே போதும், ஏனென்றால் அதை முழு ஸ்விங்கில்தான் அடிக்கப் போகிறீர்கள். பின்பக்கம் குழிவான, தவறடியை மன்னிக்கிற கிளீவ்லாண்ட் சி.பி.எக்ஸ் மாதிரி ஒன்றும் சரிதான். 60 டிகிரி இப்போதைக்கு வேண்டாம். லாஃப்ட் கூடக்கூட ஸ்பின் கூடிக்கொண்டே போகும் என்று நினைப்பது இயல்பு; ஒரு கட்டத்துக்கு மேல் பந்து முகத்தில் பிடிபடாமல் மேலே வழுக்கிப் போய்விடும். டிவியில் இழுத்து நிறுத்துகிற ஷாட் பெரும்பாலும் தாழ்வாகப் பறந்து வந்து நிற்பதைக் கவனியுங்கள்.

பழைய வெட்ஜ் வாங்குவதாக இருந்தால் கோடுகளின் கீழ்ப்பாதியில், நடுவில், நகத்தை வைத்துக் குறுக்கே இழுத்துப் பாருங்கள். நகம் மாட்டினால் உயிர் இருக்கிறது. வழுக்கினால் விட்டுவிடுங்கள். சாண்ட் வெட்ஜ், அதாவது அந்த 56, முதலில் தேயும். மணல்தான் அதற்கு எமன். ஆகவே மூன்றையும் சேர்த்து மாற்ற வேண்டியதில்லை, 56ஐ மட்டும் அடிக்கடி மாற்றினால் போதும். பூச்சு இல்லாத முகம் துருப்பிடித்தால் ஸ்பின் ஏறும் என்று ஒரு நம்பிக்கை சுற்றுகிறது. துருவால் வெயிலில் கண் கூசாது. அதைத் தாண்டி அதிலிருந்து எதையும் எதிர்பார்க்க வேண்டாம்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனசில் கிடந்து உறுத்துகிறது. எங்கள் குழுவில் ஒருவர் இருக்கிறார். எப்போதும் கடைசி மாடல் வெட்ஜ்தான். பந்து ஓரடி பின்னால் வந்தால் போதும், மூன்று ஹோலுக்கு அதையே பேசுவார். ஆனால் அந்தப் பந்து கிரீனில் குத்திய குழியை அவர் சரிசெய்து நான் பார்த்ததே இல்லை. அவருக்குப் பின்னால் போகிற நான்தான் குனிகிறேன். அந்தக் குழியை உடனே சரிசெய்தால் புல் சீக்கிரம் தேறிவிடும். விட்டால் வாரக்கணக்கில் தழும்பாக நிற்கும். சரிசெய்கிறேன் பேர்வழி என்று ஃபோர்க்கைக் கீழே விட்டு மண்ணை மேலே நெம்புகிறவர்கள் இன்னும் மோசம், வேர் அறுந்துவிடும். ஓரங்களிலிருந்து நடுவை நோக்கித் தள்ளி, பட்டர் கிளப்பின் அடியால் தட்டிவிட வேண்டும். இத்தனை ஸ்பின் ஆசை இருக்கிறவர்களுக்கு இது ஏன் தெரியமாட்டேன் என்கிறது என்று புரியவில்லை. சரி, விடுங்கள்.

காசு செலவில்லாத ஒன்று பாக்கி. பையில் ஈரத் துண்டு ஒன்றும் காய்ந்த துண்டு ஒன்றும் தொங்கட்டும். ஷாட்டுக்கு முன்னால் வெட்ஜின் முகத்தைத் துடையுங்கள், கோடுகளுக்குள் இருக்கிற மண்ணை ஒரு டீயால் (பந்தை ஏற்றி வைக்கும் சின்ன முளை) கீறி எடுங்கள். குரூவைக் கூராக்கும் சின்னக் கருவி ஒன்று ஆன்லைனில் விற்கிறார்கள், அதை வாங்காதீர்கள். மண்ணை எடுக்க டீயே போதும். உலோகத்தைச் சுரண்டினால் மேலே சொன்ன 0.9 மில்லிமீட்டர் எப்போது தாண்டியது என்று உங்களுக்கே தெரியாது, போட்டியில் அந்த வெட்ஜ் செல்லாது.