வகுப்புக்குள் போக முடியாத தலைமையாசிரியர்

வணக்கம். நான் ஒரு பள்ளியின் தலைமையாசிரியர். புதிய பாடத்திட்டம், புதிய மதிப்பீட்டு முறை, தினமும் ஏற்ற வேண்டிய தரவுகள் என எல்லாம் ஒரே நேரத்தில் வந்து நிற்கின்றன. ஆசிரியர்கள் என்னை மேலிடத்து ஆள் என்கிறார்கள். மேலிடமோ நான் ஆசிரியர்களுக்குப் பரிந்து பேசுகிறேன் என்கிறது. வகுப்புக்குள் போயே பல வாரங்கள் ஆகின்றன. பொறுப்பை விட்டுவிட்டு பாடம் நடத்தவே திரும்பிவிடலாமா?

பெயர் வேண்டாம்

அன்புள்ள நண்பருக்கு,

இதை உங்கள் திறமைக்குறைவு என்று நினைக்காதீர்கள். இந்த இழுபறிக்கு இங்கிலாந்தையே பாருங்கள். அங்கே 1988இல் வந்த கல்விச் சீர்திருத்தச் சட்டம் பள்ளியின் வரவுசெலவைப் பள்ளியிடமே ஒப்படைத்தது, ஆனால் என்ன கற்பிப்பது என்பதைத் தேசியப் பாடத்திட்டமாக அரசு எடுத்துக்கொண்டது. கணக்குவழக்கு தலைமையாசிரியர் தலையில், கல்வி பற்றிய முடிவு வேறு யார் கையிலோ. அப்புறம் 1992இல் பள்ளிகளுக்கு நேரில் போய்ச் சோதிக்கும் ஆஃப்ஸ்டெட் என்ற ஆய்வு அமைப்பு வந்தது, பிற்பாடு ஒரு பள்ளி முழுவதையும் ஒற்றைச் சொல்லில் எடைபோட்டார்கள். 2023 தொடக்கத்தில் அங்கே ஒரு தலைமையாசிரியர் உயிரை மாய்த்துக்கொண்டார், அவர் பள்ளியில் அந்த அமைப்பு நடத்திய ஆய்வும் அதற்கு ஒரு காரணம் என்று மரண விசாரணையில் தீர்ப்பானது. அரசுப் பள்ளிகளுக்கு அந்த ஒற்றைச் சொல் முறையை நிறுத்தியது 2024 செப்டம்பரில்தான். ஒரு முறையை மாற்ற இவ்வளவு பெரிய இழப்பு தேவைப்பட்டது என்பது எனக்கு இன்னும் ஆறவில்லை. அதனால் தயவுசெய்து இதைத் தனியாகச் சுமக்காதீர்கள், இன்னொரு தலைமையாசிரியரிடமாவது மனம்விட்டுப் பேசுங்கள்.

சரி, பள்ளிக்கு வருவோம். நியூசிலாந்தைச் சேர்ந்த கல்வி ஆராய்ச்சியாளர் விவியன் ராபின்சனும் அவருடன் பணியாற்றியவர்களும் 2008இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். தலைமையாசிரியர் செய்யும் வேலைகளில் மாணவர் கற்றலோடு மிக வலுவாகத் தொடர்புடையதாகத் தெரிந்தது, ஆசிரியர்கள் கற்றுக்கொள்ளும் இடத்தில் அவரும் கூட உட்கார்ந்து கற்பதுதான். நீங்கள் இழந்துகொண்டிருப்பது சரியாக அந்த நேரத்தைத்தான். முதலில் அதை மீட்டுக்கொள்ளுங்கள். வாரத்தில் சில பாடவேளைகளைக் குறித்துவைத்து, யார் கூப்பிட்டாலும் அப்போது வகுப்பில் இருங்கள்.

வருகிற ஒவ்வொரு சுற்றறிக்கையையும் அப்படியே ஆசிரியர்களுக்கு அனுப்பாதீர்கள், பாடம் நடத்துவதை மாற்றுவது மட்டும் அவர்களிடம் போகட்டும், படிவமும் புள்ளிவிவரமும் முடிந்தவரை அலுவலகத்திலேயே முடியட்டும். புதிய வேலை ஒன்று வந்தால், பழையதில் எதை நிறுத்தலாம் என்று மேலிடத்திடம் எழுத்தில் கேளுங்கள். பதில் வராமலே போகலாம், ஆனாலும் கேட்டதற்குப் பதிவு இருக்கும், நீங்கள் எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்பது ஆசிரியர்களுக்கும் தெரியும்.

விலகுவதில் எந்த அவமானமும் இல்லை. ஆனால் ஒரு பருவம் இப்படி நடத்திப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள், அப்போது மறுபடி எனக்கு எழுதுங்கள்.